காய்ச்சிக் குடித்த குற்றம்

"சாரைக் கூப்பிடுங்கம்மா. அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலில் நின்று பேராசிரியரின் மனைவியிடம் காகிதத்தை நீட்டினார். பேராசிரியர் கழிப்பறையில் இருந்தார். காலையிலிருந்து ஏழாவது தடவை.

நான்கு மாடிக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. இரண்டு நாளாகக் கட்டடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மேல்மாடி நர்ஸ் குடும்பம் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றது காகிதம். கட்டடத்தில் இருந்த ஒரே யூதக் குடும்பம் அது.

பேராசிரியர் தத்துவம் கற்பிப்பவர். யூத வெறுப்பின் கட்டுக்கதைகளைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாகப் புத்தகம் எழுதுகிறார். கொள்ளைநோய்க் காலத்தில் யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று கிளம்பிய புரளிக்கு மட்டும் நாற்பது பக்கம். அத்தனையையும் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவர் மனைவி.

"அவங்க வீட்ல மட்டும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலயே, எப்படி?" என்றார் செயலாளர். "போன்லகூட வந்துச்சு. இவங்க கூட்டமே இப்படித்தானாம்."

"தண்ணி நாறுது, காய்ச்சிக் குடிங்கன்னு அவங்கதானே வீடு வீடா வந்து சொன்னாங்க?"

"அதத்தாம்மா கேக்கறேன். அவங்களுக்கு மட்டும் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

அப்போது பிளம்பர் ஒரு வாளியோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தார். "தொட்டி மூடி திறந்து கெடந்துது. உள்ள புறா செத்து ஊறிப்போயிருக்கு."

அப்பாடா, விவகாரம் தீர்ந்தது என்று நினைத்தாள் மனைவி. செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியை எட்டிப் பார்த்தார்.

"சரி, அந்தப் புறாவை யாரு உள்ள போட்டது?"

வெளியே வந்த பேராசிரியரின் காதில் இது விழுந்தது. வயிற்றுவலியிலும் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? எந்த ஆதாரத்தக் காட்டினாலும் கதை அதையும் முழுங்கிடும்னு எழுதினேனே!" என்று மனைவியிடம் சொல்லி, குறிப்பேட்டில் அந்தக் கேள்வியை எழுதி அடிக்கோடிட்டார். பிறகு அதே பேனாவால் காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னங்க இது?"

"நாலு பேரோட ஒத்துப் போகணும்ல? புத்தகம் வேற, குடித்தனம் வேற."

அவள் காகிதத்தை வாங்கி, மேலே நர்ஸின் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் நிதானமாக எதையோ எழுதி, செயலாளரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இவரு கேக்கல, ஆனா நானும் காய்ச்சித்தான் குடிச்சேன். எனக்கும் ஒண்ணும் ஆகல. அதனால எங்க வீட்டையும் சேத்துட்டேன்" என்றாள். "இவருதான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாரே."