நாலு விரல் உயரம்

காலையில் படுத்த அதே இடத்தில் அவள் மறுபடியும் குப்புறப் படுத்தாள். கன்னம் ரோட்டில் பட்டது. காலையில் சில்லென்று இருந்த ரோடு இப்போது சுட்டது.

மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், சாய்த்து இறக்கிய டிரெய்லர் தட்டில் பாதியும் ரோட்டில் மீதியுமாக, விட்ட இடத்திலேயே நின்றது. தெருக்கோடி பல் டாக்டரின் கார். அதை ஏற்றிப்போக வந்தது அவளும் கணவரும் ஓட்டும் டிரெய்லர். தரைக்கும் அதன் அடிக்கும் நாலு விரல் உயரம்தான் இருக்கும். "கார் வாங்கினாரா, கட்டில் வாங்கினாரா? உள்ள போகணும்னா படுத்துக்கிட்டுதான் போகணும்போல" என்று அவள் கணவர் ஏழு மணிக்குக் கேலி செய்திருந்தார். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில், கொண்டுவரும்போதே அவருக்கு உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது மணி மூன்று. அவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. டிரெய்லர் தெருவை அடைத்துக்கொண்டிருக்க, அவர்கள் வீடு அதற்கு அந்தப் பக்கம் மூன்றாவது.

"பத்து எட்டுதானேம்மா, தூக்கிட்டே வந்துடலாம்" என்றார்கள் அக்கம்பக்கத்தவர்கள்.

"காலையில போர்வையில போட்டுத் தூக்கிட்டு ஓடினீங்களே, அது போதும். வண்டி வாசல் வரைக்கும் வரணும்" என்றாள்.

பல் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சர்ருனு இழுத்து ஏத்திடச் சொல்லுங்கம்மா. அடி தேஞ்சா தேயட்டும். இப்ப காரா முக்கியம்?"

"இருபத்திரண்டு வருஷத்துல அவர் ஏத்தின வண்டி எதுலயும் கீறல் விழுந்ததில்ல டாக்டர். இன்னிக்கும் விழ வேணாம்."

தாழ்ந்த காரை ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சரிவைக் குறைக்க வேண்டும். முன்னால் ஒருவர் நின்று சுவிட்சை அழுத்தினால் இரும்புக் கயிறு காரை இழுக்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். பின்னால் ஒருவர் தரையோடு தரையாகப் படுத்து, காரின் அடிவயிறு தட்டின் விளிம்பில் உரசாமல் விரலால் அளந்து குரல் கொடுக்க வேண்டும். சுவிட்ச் அவருடையது, குரல் அவளுடையது. "வரட்டும். மூணு விரல். வரட்டும். ரெண்டு விரல். போதும்." அவர் பதிலே பேசமாட்டார். வேலை நேரத்தில் வாய் திறந்தால் கை தப்பும் என்பது அவர் சட்டம். வீட்டில் மட்டும் என்ன, சண்டையில்கூட இரண்டு பேர் பங்கையும் அவளேதான் பேசித் தீர்ப்பாள். கயிறு விறைத்தால் அவருக்குக் கேட்டது என்று பொருள்.

காலையில் ஒரு விரல் இடைவெளியில் "போதும்" என்றாள். கயிறு நின்றது. கூடவே முன்பக்கம் தொப்பென்று ஒரு சத்தம்.

"பலகையை மெதுவா போடுங்க, பொளந்துடப்போகுது" என்று கத்தினாள்.

பின்சக்கரத்துக்கு அடியில் இன்னொரு பலகையைத் தட்டிச் சொருகினாள். மறுபடி படுத்து, "வரட்டும்" என்றாள். கயிறு அசையவில்லை. "வரட்டும்னு சொல்றேன்ல!" அப்போதும் அசையவில்லை. "காலங்காத்தால ஊமைச்சாமி ஆயிட்டீங்களா?" அதையும் சொன்னாள். அப்புறம்தான் எழுந்தாள். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு, மெதுவாக முன்னால் நடந்தாள்.

"விழுந்து எவ்வளவு நேரம் இருக்கும்மா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இரண்டு நிமிடமா, ஐந்து நிமிடமா? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்லித்தான் கயிறு நின்றதா, அவர் விழுந்ததால் நின்றதா என்பதும் தெரியவில்லை. காலையிலிருந்து நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது அதுதான்.

கொழுந்தன் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். இப்போது அண்ணனின் சுவிட்சைப் பாம்பைப் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"அழுத்துங்க தம்பி. வரட்டும்."

கயிறு விறைத்தது. கார் ஊர்ந்தது.

"வரட்டும். ரெண்டு விரல். போதும்."

நின்றது. முன்னாலிருந்து சத்தமே இல்லை.

"தம்பி!" கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். "தம்பி!"

"இங்கதான் அண்ணி இருக்கேன்."

"வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி. நிறுத்தினா நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க."

"சரிங்க அண்ணி."

அதன்பிறகு அவர் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். "இழுக்கறேன் அண்ணி." "நிறுத்திட்டேன் அண்ணி." இத்தனை வருடத்தில் முன்பக்கத்திலிருந்து அவளுக்கு இத்தனை பதில்கள் வந்ததே இல்லை.

கார் ஏறியது. நாலு சக்கரத்துக்கும் பட்டை போட்டு அவளே இறுக்கினாள். டாக்டர் காரின் பக்கமே திரும்பவில்லை. அவள்தான் குனிந்து அடியை முழுக்கப் பார்த்தாள். கீறல் இல்லை. கொழுந்தன் தட்டைத் தூக்கிவிட்டு டிரெய்லரை மெயின் ரோட்டுக்கு எடுத்துப்போனார்.

ஆம்புலன்ஸ் திரும்பத் தெருவில் இடமில்லை. பின்னோக்கியேதான் உள்ளே வர வேண்டும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாராவது பின்னாடி நின்னு பாருங்கப்பா" என்றார். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பார்த்த பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் போய் வாசலில் நின்று கையைத் தூக்கினாள்.

"வரட்டும். இடப்பக்கம் ஒடிச்சு வரட்டும். நேரா வரட்டும்."

வண்டி அங்குலம் அங்குலமாக வந்தது. பின்கதவு திறப்பதற்கு இடம் விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியாததா? வாசற்படிக்கும் வண்டிக்கும் இரண்டு முழம் இருந்தது. அப்புறம் ஒரு முழம். ஒரு சாண்.

டிரைவர் தானாகவே பிரேக்கை மிதித்தார்.

"போதுமாம்மா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, போதுமா?"

அவளுடைய கை இன்னும் வா வா என்றே அசைந்துகொண்டிருந்தது.