தாக் அம்மாளின் காலிமனை

சொகுல் ஊரில் யார் கடைக்கால் தோண்டினாலும் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய அரசன் ஒருவன் எழுந்து வந்துவிடுவான். அரசன் இல்லாவிட்டால் அவனுடைய பானை, பானையும் இல்லாவிட்டால் ஓடு. அதனால் இங்கே வீடு கட்ட நினைப்பவர் கொத்தனாரைத் தேடுவதற்கு முன் தொல்பொருள் ஆய்வாளரைத் தேட வேண்டும். அவர் 'கட்டலாம்' என்று எழுதித் தந்தால்தான் நகராட்சி அசையும். அப்படி எழுதித் தருகிற கூட்டம்தான் ஐந்துறை மரபாய்வு நிறுவனம். மண்ணுக்குப் பியோ, மகரந்தத்துக்கு நாம்குங், பழைய வரைபடங்களுக்குக் கி, மக்கள் வாய்மொழிக்கு மியோக், இந்த நாலு பேரையும் கட்டி மேய்க்கும் ஐந்தாம் துறைக்கு இயக்குநர் குக்.

மியோக் வந்து சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. அவள் சேகரித்த எதையும் இதுவரை அறிக்கையின் கடைசிப் பின்னிணைப்பைத் தாண்டி யாரும் உள்ளே விட்டதில்லை. மண்ணை அளக்கலாம், மகரந்தத்தை எண்ணலாம், கிழவிகள் பேச்சை என்ன செய்வது என்பது பியோவின் கேள்வி. அந்தக் கேள்வியை அவர் தினமும் சாப்பாட்டு வேளையில் கேட்பார்.

இந்த முறை வந்த மனை தாக் புன்ரே என்ற அம்மாளுடையது. எழுபத்தொரு வயது. சந்தையில் வாடகைக் கூரையின் கீழ் நூடுல்ஸ் வெட்டி விற்கிறவள். சொந்த மனையில் சொந்தக் கடை, அவ்வளவுதான் அவள் கேட்பது. முதல் நாள் வழக்கம்போல மண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வேகவைத்த பன்றித்தலையை வைத்து, அதன் வாயில் நோட்டுகளைச் செருகி, அரிசிக்கள்ளை நாலு மூலையிலும் ஊற்றிக் கும்பிட்டார்கள். தாக் அம்மாள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு இயக்குநரிடம் தலைகுனிந்து, "வந்துட்டீங்களே, அதுவே போதும். ரொம்ப நாளாச்சு" என்றாள். நல்ல மரியாதை தெரிந்த பெண்மணி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் குழி தென்பட்டது. பத்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், நூல் பிடித்தாற்போல வடக்குத் தெற்காக. உள்ளே முழுக்கச் சுத்தமான மணல்.

பியோ மணலை விரலில் தேய்த்தார், மோந்தார், கொஞ்சம் நாக்கிலும் வைத்துப் பார்த்தார். "ஆத்து மணல். ஆறு இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர். காரணமில்லாம எவன் சுமப்பான்? இது சடங்குக் குழி சார்."

"மகரந்தம் ஒண்ணுகூட இல்ல," என்றார் நாம்குங். "பூவே ஆகாத சடங்கு போல."

கி வரைபடங்களை விரித்தார். சுற்றிலும் நாற்பது வருடத்தில் அடுக்குமாடிகள் முளைத்திருக்க, இந்த ஒரு மனையில் ஒரு கோழிக்கூடுகூட எழும்பியதில்லை. "ஊரே ஒதுக்கி வெச்ச இடம் சார்."

மிச்சம் இருந்தது மக்கள் வாய்மொழி. முதன்முறையாக எல்லோரும் மியோக்கின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உடனே எழுந்தாள். பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள்.

தாக் அம்மாள் மாவை மடித்து வெட்டிக்கொண்டே சொன்னாள். "வெளியூர்லேருந்து தொப்பி வெச்ச ஆளுங்க வந்தாங்க. பன்னித்தலை வெச்சுக் கும்பிட்டாங்க. நீளமா ஒரு குழி தோண்டுனாங்க. கீழ நீலமா ஒண்ண விரிச்சு, மணலப் போட்டு மூடுனாங்க. அவங்க வார்த்தை வர்ற வரைக்கும் இங்க எதுவும் கட்டக்கூடாதுன்னுட்டுப் போனாங்க. நானும் காத்துக்கிட்டு இருக்கேன்."

மியோக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிறுவனத்தின் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: வந்த தெய்வம், செய்த சடங்கு, விதித்த விலக்கு. மூன்றும் ஒரே மூச்சில் நிரம்பிவிட்டன. எப்போது நடந்தது என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் வாசித்தபோது பியோ கைதட்டினார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆயிரத்தைந்நூறு வருஷ ஞாபகம். ஒரு நூடுல்ஸ்காரம்மா நாக்குல உக்காந்திருக்கு, பாருங்க." அன்றே வரைவறிக்கை தயாரானது. குழியை இதற்கு மேல் தொடக்கூடாது. மனையை என்றென்றைக்கும் காலியாகவே காக்க வேண்டும். வியாழக்கிழமை அதிகாரிகள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். மியோக்கின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது.

வாய்மொழித் துறைக்கு ஒரு விதி உண்டு. சொன்னவருக்கே வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். புதன்கிழமை காலை மியோக் வாசித்துக் காட்டினாள். தாக் அம்மாள் கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரிதான். ஆனா ஏம்மா அவங்களைச் சாமின்னு எழுதியிருக்கே? அதுல ஒருத்தன் உங்க கூட்டத்துலதானே இருக்கான்."

"யாரு பெரியம்மா?"

"உங்க இயக்குநர்தான். அப்ப மீசை வெச்சிருந்தான். எண்பத்தேழுல. வருஷா வருஷம் நகராட்சிக்குப் போவேன். ஆய்வறிக்கை வரலேம்பாங்க. மனைநம்பரெல்லாம் மாத்துனப்ப ஃபைலும் போச்சு. இந்த வருஷம் நகராட்சிக்குப் புதுசா வந்த பொண்ணுதான், மறுபடி ஆய்வு பண்ணுங்கன்னு சொல்லுச்சு."

"மொத நாளே அவர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டுக் கோச்சுக்கிட்டா? இன்னொரு முப்பத்தேழு வருஷம் எங்கிட்ட ஏது?" என்றவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்றென்றைக்கும் காலியான்னா, என்னம்மா அர்த்தம்?"

மியோக் அறிக்கையை மூடினாள். கேட்டதெல்லாம் சரியாகத்தான் கேட்டிருந்தாள், ஒரு மனுஷி தன் கஷ்டத்தைச் சொல்கிறாள் என்பதைத் தவிர. தாக் அம்மாளைக் கையோடு அழைத்துக்கொண்டு மனைக்குப் போனாள். மண்வெட்டியை எடுத்தாள், கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் புனிதக் குழிக்குள் குதித்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு?" பியோ கத்தினார். "ஆயிரத்தைந்நூறு வருஷம்."

"அடியப் பாத்துட்டு மேல வர்றேன் சார்."

முழங்கால் ஆழம் மணலை அள்ளியதும் நீல பிளாஸ்டிக் விரிப்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு நூறு வொன் நாணயம், எண்பத்தேழாம் வருடத்தது. தோண்டிய வருடம் பின்னால் வருபவருக்குத் தெரியட்டும் என்று போட்டு மூடுவது இந்தத் தொழிலின் நாகரிகம். பக்கத்தில் ஒரு சோஜு சாராய பாட்டில், அதற்குள் சுருட்டிய காகிதம். மியோக் பிரித்து உரக்கப் படித்தாள். "குழி எண் இரண்டு. ஒன்றும் கிடைக்கவில்லை. குக்."

நாம்குங் மெல்லத் தொண்டையைச் செருமினார். "மணல்ல மகரந்தம் இல்லாதது இப்பப் புரியுது. கட்டடத்துக்குக் கழுவி விக்கிற மணல்."

"பன்னித்தலை வெச்சிருக்காங்க இல்ல?" பியோ விடுவதாக இல்லை. "அப்ப சடங்குக் குழிதானே. நான் சொன்னது தப்பில்ல."

"ஐம்பது வருஷம் ஆனா மரபுச் சின்னமாப் பதிவு பண்ணலாம்," என்றார் கி. "இன்னும் பதிமூணுதான் பாக்கி."

தாக் அம்மாள் அவர்களைக் கடந்து இயக்குநரிடம் வந்தாள். ஊர் முழுக்க நானூறு குழி தோண்டிய மனிதர் இந்த ஒரு குழியின் விளிம்பில் குந்தியிருந்தார்.

"ஏன் தம்பி எழுதல?"

அவர் மியோக்கிடமிருந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "அதுதான் நான் தனியாத் தோண்டுன மொதக் குழி. கூட வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தங்கக் காதணி கிடைச்சுது. எனக்கு வெறும் மண்ணு. ஒண்ணுமில்லேன்னு எழுத வெக்கமாப் போச்சு. திரும்ப வந்து இன்னொரு குழி போட்டுப் பாத்துட்டு எழுதலாம்னு வெச்சேன்." காகிதத்தைத் திரும்பச் சுருட்டினார். "அப்புறம் மறந்துட்டேன்."

"மறந்துட்டே."

"ஆமாம்மா."

"எனக்கு அப்ப முப்பத்திநாலு வயசு," என்றாள் தாக் அம்மாள். "ஒண்ணும் கிடைக்கலேன்னு சொல்ல நீ வெக்கப்பட்டே. உங்கிட்டயிருந்து வரப்போற வார்த்தை ஏதோ பெருசாத்தான் இருக்கும், அதான் இவ்வளவு நாளாகுதுன்னு நான் நெனச்சேன். இப்ப எழுது. நான் நிக்கிறேன்."

"இதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கும்மா. அஞ்சு துறையும் தனித்தனியா..."

"எழுதுங்க சார்," என்றாள் மியோக். தன் பெயர் முதல் பக்கத்தில் இருந்த வரைவறிக்கையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி அவர் மடியில் வைத்தாள்.

அவர் எழுதினார். குழி எண் இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த மனையில் கட்டடம் கட்டலாம். தேதி, கையெழுத்து, முத்திரை. எல்லாம் முடிய நாலு நிமிடம் ஆனது. பியோ கடிகாரத்தைப் பார்த்து, பழக்கதோஷத்தில் அதையும் குறித்துக்கொண்டார்.

தாக் அம்மாள் காகிதத்தைத் தள்ளிப் பிடித்து இரண்டு தரம் வாசித்தாள். பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

இயக்குநர் எழுந்து இடுப்பை மடக்கி, நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மனைக்குள் நடந்தாள். ஓரிடத்தில் நின்று, "அடுப்பு இங்க" என்றாள். ஏழெட்டு அடி தள்ளி, "மேசைங்க இந்தப் பக்கம்." மியோக் பின்னாலேயே போய் ஒவ்வொரு இடத்திலும் அளவுக் குச்சி ஒன்றை நட்டாள். தெருவை ஒட்டிய ஓரத்துக்கு வந்ததும், இல்லாத வாசலில் ஏறுவதுபோல் அம்மாள் ஒரு காலைத் தூக்கினாள். பாதியில் நிறுத்தி, மியோக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தாள்.

"இங்க மூணு படி வெச்சிருந்தேன், மனசுல," என்றாள். "படி வேணாம். சரிவாப் போடச் சொல்லணும்."