பதினாறு வயசுப் பை

"பைக்குக்கூட வயசாகுமாம்மா?" என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோன அம்மா அப்படியே நிறுத்திச் சிரித்துவிட்டாள்.

பை தைக்கிற பட்டறையில் பேச்சு அப்படித்தான். யானைப் படம் போட்டது ஆறு வயசுப் பை. தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கவாட்டில் வலை வைத்தது பத்து வயசுப் பை. கறுப்பிலோ கருநீலத்திலோ, வாருக்குள் பஞ்சு வைத்து, முதுகுப்பக்கம் தடிமனாக வருவது பதினாறு வயசுப் பை. "இன்னைக்கு முழுக்கப் பதினாறு வயசுதான், தோள்பட்டையே கழண்டு போச்சு" என்று அம்மா அலுத்துக்கொண்டதைக் கேட்டுத்தான் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம்.

பட்டறையில் அம்மாவுக்கு வார்க்காரி என்று பெயர். தோள்வாரை முதுகுத் துண்டில் வைத்துத் தைப்பது அவள் வேலை. பக்கத்து மெஷினில் ஜிப் தைக்கிற ஜிப்பக்கா. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவள் இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வாள். வார்க்காரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊசியைக் கண்டு நடுங்கினவள். அவள் கையைப் பிடித்து ஜிப் தைக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு வாருக்கு மாற்றிவிட்டவள் அக்காதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தையலைச் சரிபார்க்கிற செக்கர் கழித்துப்போட்ட டேமேஜ் பைகளைத் தார்ப்பாயில் கொட்டுவார்கள். ஆளுக்கு வேண்டியதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதனால் அதற்கு முன்னால் டேமேஜ் கொஞ்சம் அதிகமாகவே விழும். உள்துணியில் வேறு நிற நூல் ஓடும். யானை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எல்லாம் வீட்டில் சரிசெய்துவிடக்கூடிய தப்புகள். பழைய முதலாளிக்கும் தெரியும், செக்கருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

வார்க்காரி மட்டும் அதைச் செய்ததில்லை. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை அவள் வாய்வார்த்தையாகச் சொல்கிறவள் அல்ல. மெஷினுக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போலவே அவளுக்கு இருக்கும். மற்றவர்கள் எடுத்ததுபோக மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போவாள்.

இந்த வருஷம் மிஞ்சியது போதாது. பெரியவன் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டு வெல்டிங் கடைக்குப் போகிறேன் என்று நின்றான். போன வருஷம் பையின் வார் அறுந்து, துணிக்கடைப் பையில் புத்தகம் கொண்டுபோனவன் அவன். வகுப்பில் அவனுக்குத் 'துணிக்கடை' என்றே பெயராகிவிட்டது. "திரும்பவும் அங்க போய் நிக்க என்னால முடியாதும்மா" என்றான். ஒரு நல்ல பையைக் கையில் கொடுத்துவிட்டால் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பைத் தவிர அவளிடம் வேறு வழியும் இல்லை. ஆனால் பதினாறு வயசுப் பை டேமேஜில் விழுவதே அபூர்வம். புதிதாக வந்த மேனேஜர் வேறு, இனிமேல் ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம், கருநீலப் பை ஒன்றின் இடது வாரை அவள் திருப்பி வைத்துத் தைத்தாள். பஞ்சு தோளைத் தொடாமல் வெளியே பார்த்தது. தைக்கும்போதே, "மன்னிச்சுக்கோ சாமி, இந்த ஒண்ணுதான்" என்று முணுமுணுத்தாள். வழக்கம்போல மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டி, குறுக்கே பெருக்கல் குறி போட்டு, நூலைக் கத்தரித்தாள்.

மறுநாள் காலை செக்கர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே மேனேஜர். செக்கருக்குப் புது மேனேஜரிடம் தன் கண்ணின் கூர்மையைக் காட்ட ஆசை.

"தப்பு வர்றது சகஜம் சார். ஆனா இதைப் பாருங்க. மூணு தரம் லாக் அடிச்சு, குறுக்கே பெருக்கலும் போட்டிருக்கு. கை தவறித் தைச்சவ இவ்வளவு நிதானமா முடிப்பாளா? இது வேணும்னே தைச்சது."

"யாரு தைச்சது?" என்றார் மேனேஜர்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வார்க்காரி எழுந்திருக்க மேசையில் கையை ஊன்றினாள். மேசைக்கு அடியில் ஒரு கால் வந்து அவள் பாதத்தை அழுத்தியது.

"நான்தான் சார்" என்று ஜிப்பக்கா எழுந்தாள். "இவ தண்ணி குடிக்கப் போயிருந்தா. வரிசை நிக்கக் கூடாதேன்னு நான் உட்கார்ந்தேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல சார், வாரு திரும்பினது தெரியல. வயசாகுதில்ல?"

யாரோ சிரித்தார்கள். மேனேஜரும் லேசாகச் சிரித்தார். "கண்ணு தெரியலைன்னா எதுக்கும்மா கஷ்டப்படுறீங்க? வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டு அவ்வளவுதான் என்று எல்லோரும் மெஷினை ஓட்டினார்கள். சாயங்காலம் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் டிபன் டப்பாவையும் தன் சொந்தக் கத்தரிக்கோலையும் எடுத்துப் பையில் போட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வரிசையில் பழைய ஆளும் அதிகச் சம்பளக்காரியும் அவள்தான்.

தார்ப்பாய் விரித்த அன்று ஒரே சத்தம். ஆளுக்கு ஒன்று என்பதால் ஒவ்வொருத்தியும் பத்துப் பையைப் புரட்டினாள். ஆறு வயசுக்காரனுக்கு எடுப்பதா, பத்து வயசுக்காரிக்கு எடுப்பதா என்று ஒருத்தி இரண்டையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

நூல் வெட்டுகிறவள் முயல் படம் போட்ட பையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க மாமியாருக்கு இது நல்லா இருக்குமா, சொல்லுங்கடி."

"மாமியாருக்கா?"

"ஆமா, முதியோர் வகுப்புல சேர்ந்திருக்காங்க. புதுப்பை இல்லாம போகமாட்டாங்களாம். என் பிள்ளைகூட இவ்வளவு அடம் பிடிக்கல."

"யானையை எடு. முயலுன்னா பல்லைச் சாடை பேசுறேன்னு சொல்லுவாங்க."

"யானைன்னா உடம்பைச் சொல்றேம்பாங்களே!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வார்க்காரி சிரிக்கவில்லை. கருநீலப் பை தார்ப்பாயின் ஓரத்தில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. அவள் குனிந்து எடுத்தபோது பேச்சு சட்டென்று நின்று, பிறகு வேறு திசையில் தொடர்ந்தது.

வாரைப் பிரித்து வீட்டிலேயே கையால் தைத்தாள். பெரியவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்காம்மா?" என்று கேட்டான். "இல்லடா" என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஜிப்பக்காவின் மகளும் பதினொன்றாம் வகுப்புக்குப் போகவேண்டியவள்.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"வாடி. நிக்கிறியே, உட்காரு."

வார்க்காரி பையை நீட்டினாள். "உங்க பொண்ணுக்குக்கா. சரிசெஞ்சுட்டேன்."

அக்கா பையை வாங்கி, வாரை இழுத்துப் பார்த்தாள். தையலைக் கட்டைவிரலால் தடவினாள். "நல்லாத்தான் தைச்சிருக்க" என்று திருப்பிக் கொடுத்தாள். "அவளுக்கு எதுக்குடி இது? என் இடத்துக்கு அவளை எடுத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லியனுப்பிட்டாரு. பாதிச் சம்பளம். ஒரு வாரம் பார்ப்பாராம். சாயங்காலம் கூடை நிறையலைன்னா, தப்புன்னு துண்டு திரும்பி வந்தா, வேண்டாம்னுடுவாராம்."

"படிப்பு?"

"வீட்டு வாடகையை யாரு படிப்பா?"

வார்க்காரி தரையைப் பார்த்தாள். "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா. இன்னைக்கே சொல்லிடறேன்."

"சொன்னா என்னைக் கூப்பிட்டுக்குவாரா? உன்னையும் அனுப்பிட்டு உன் பையனைக் கூப்பிடுவாரு. பேசாம இரு." அக்கா ஒரு பட்டாணியை உரித்து, அதில் புழு இருப்பதைப் பார்த்துத் தூரப் போட்டாள். "நான் ஒண்ணும் பெரிய தியாகின்னு நினைச்சுக்காத. ரெண்டு வார்த்தை திட்டுவான், கேட்டுட்டுப் போவோம்னுதான் எழுந்தேன். வேலையே போகும்னு தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்."

"எனக்குத் தெரியும்க்கா."

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போ" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பெரியவன் கருநீலப் பையை மாட்டிக்கொண்டான். கண்ணாடியில் ஒருதரம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டான். "இது ஜிப்பக்கா பொண்ணுக்குன்னு வச்சிருந்ததுதானே?" என்றான். அம்மா தங்கச்சியின் தலையை வாரினாள். அவன் போய்விட்டான். இன்றைக்குப் போய்விட்டான் என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டாள். நாளைக்கு என்று நினைக்கப் பயமாக இருந்தது. சின்னவள் அண்ணனின் வார் அறுந்த பழைய பையை முதுகில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறையில் ஜிப்பக்காவின் முக்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கத்தரிக்கோல்தான் மேசையில் இருந்தது. பெடலை அவள் அழுத்துவது பயந்து அழுத்துவதாக இருந்தது. மெஷின் ஒரேயடியாகப் பாய்ந்தது, இல்லாவிட்டால் நின்றது. ஜிப் நேராக ஓடாமல் துணியில் அலையலையாக எழுந்தது. அவள் பிரிப்பாள், தைப்பாள், மறுபடியும் பிரிப்பாள். வார்க்காரி தன் மெஷினிலிருந்து பார்த்தாள்; சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். மேனேஜர் வரிசையின் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். மின்விசிறிகள் மெதுவாக நின்றன. பெண்கள் டப்பாவோடு குழாயடிக்குப் போனார்கள். அந்தப் பெண் எழுந்திருக்கத் தயங்கினாள். நூல் வெட்டுகிறவள் அவள் தோளைத் தொட்டு, "சாப்பிடாம தைச்சா ஜிப் நேரா ஓடுமா? வா கண்ணு" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ வரலையா?" என்று யாரோ வாசலிலிருந்து கேட்டார்கள்.

"வயித்து வலி. நீங்க போங்க" என்றாள் வார்க்காரி.

பேச்சுக்குரல் தேய்ந்ததும் எழுந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கூடையிலிருந்த, ஜிப் தைத்த முன்துண்டுகளை மடியில் எடுத்துப் போட்டு, அலை எழும்பியதையெல்லாம் தனியே பிரித்தாள். பிளேடு முனையால் நூலை அறுத்தாள். மின்சாரம் இல்லை. மெஷினின் பக்கச் சக்கரத்தை வலது கையால் உருட்டி உருட்டி, ஒவ்வொரு தையலாக ஊசியை இறக்கினாள். இடது கை ஜிப்பைத் தளர்த்திப் பிடித்தது. இழுக்காதே, அதுவே ஓடட்டும் என்று எப்போதோ அக்கா சொன்னது விரலில் இருந்தது. ஒன்று முடிந்தது. அடுத்ததை வைத்தாள். மணிக்கட்டு வலித்தது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்தபோது துண்டில் விழாமல் தோளால் துடைத்துக்கொண்டாள். சரிசெய்தவற்றை அந்தப் பெண்ணின் கூடையில் அடியிலும் நடுவிலுமாகக் கலந்து வைத்தாள். பிரித்த நூல் நுனிகளைத் தரையிலிருந்து பொறுக்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு தன் இடத்துக்குப் போய், தலையை மேசையில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

மணி அடித்தது. சுவிட்ச் போட்டதும் பட்டறை முழுவதும் ஒரே சமயத்தில் முனகியது. அந்தப் பெண் முகம் கழுவிய ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். மேனேஜர் போகிற போக்கில் அவள் கூடையிலிருந்து ஒரு துண்டை உருவி, ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார்.

"பரவாயில்ல. கை வந்துடுச்சு" என்றார். "நாளையிலேர்ந்து காலையில கொஞ்சம் சீக்கிரம் வா."

"சரிங்க சார்" என்று அவள் தலையாட்டினாள். தான் எப்போது அதை அவ்வளவு நேராகத் தைத்தோம் என்று ஒருகணம் துண்டைப் பார்த்தாள். பிறகு அடுத்ததை ஊசிக்கு அடியில் இழுத்து வைத்து, பெடலை அழுத்தினாள்.