கரெத் என்ன ஆக்கள்?

பிரிட்டிஷ் இராணுவ முகாமில் மின்சார வேலை பார்க்கிற கரெத்தைக் கட்டப்போவதாகச் சிவமலர் சொன்ன அன்று, அவளுடைய அண்ணர் தியாகராசா கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவு நல்லது. கத்துகிற மனிதர் என்றோ ஒரு நாள் ஓய்வார். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அவை என்ன ஆக்கள்?"

"வேல்ஸ் ஆக்கள் அண்ணை."

"அது நாடு. நான் கேட்டது ஆக்களை."

யாழ்ப்பாணம் என்றால் சாதி, குலம் விசாரிக்க இடமிருக்கும். சந்திக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கோயிலடியில் நாலு பேர். பொழுதுபடுமுன் மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும். ஜேர்மனியில், பீலெஃபெல்டில் இருந்துகொண்டு ஒரு வேல்ஸ்காரனைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது? அலுத்துப்போய் அண்ணை விட்டுவிடுவார் என்றுதான் நம்பினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தான் வேலை செய்யும் முகாமின் சலவைப் பகுதியில் துணி மடித்துக்கொண்டே இதைக் கரெத்திடம் சொன்னதுதான் அவள் செய்த பிழை.

கரெத்துக்கு வாயெல்லாம் பல். தன் குடும்பத்தை அறிய ஒரு மனிதர் இவ்வளவு ஆசைப்படுகிறாரே என்று உருகிப்போனான். ஊரில் இருக்கும் அவனுடைய மாமி, நூலகத்தில் பழைய குடிசன மதிப்பு ஏடுகளைப் படச்சுருளில் பார்த்துப் பரம்பரையைத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். நூறு வருடம் தாண்டிய கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். கொஞ்ச நாளில் தடித்த உறையொன்று வந்து இறங்கியது.

அன்று பிடித்தது சனியன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் அண்ணை தாள்களோடு வந்து குந்திவிடுவார். ஆங்கிலம் அவருக்கு அவளைவிட நன்றாக வரும். யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்தவர். ஆனாலும் மாமியின் கோழிக் கிறுக்கலை இவள்தான் வாசிக்க வேண்டும், அவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

"இது 1881. வீட்டுத் தலைவன் வில்லியம். கற்குழியிலை வேலை. மனிசி எலன். நாலு பிள்ளையள்."

"மனிசி பிறந்த ஊர்?"

"வேறை ஊர்."

"ஏன், சொந்த ஊரிலை ஒருத்தரும் பெண் குடுக்கேல்லையோ? குறிச்சு வை."

குறித்து வைத்து என்ன செய்வது? வில்லியத்தையும் எலனையும் கூப்பிட்டு வைத்தா கேட்கப்போகிறார்?

அதற்கு முந்திய ஏடுகள் இன்னும் மோசம். 1871இல் அதே வில்லியம் கலியாணம் முடிக்காத பொடியன், இன்னொருவன் வீட்டில் அறை எடுத்திருந்தான். வீட்டுத் தலைவனுக்கு என்ன முறை என்ற இடத்தில் 'லொட்ஜர்' என்று கிடந்தது. 1861இல் அவனுடைய தாய் கைம்பெண், ஊர்ச் சபையின் பிச்சைக்காசில் சீவிப்பவள்.

அண்ணை தாளை மேசையில் வைத்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"இரந்து திண்ட ஆக்கள். சொந்தமாய் ஒரு கூரை இல்லை. ஒருத்தன்ரை வீட்டிலை ஒதுங்கிக் கிடந்த பரம்பரையோடை சம்பந்தம் வைக்க என்னாலை ஏலாது. நீ கட்டுறதெண்டால் கட்டு. நான் வரமாட்டன்."

சிவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன செய்வது? எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அப்பாவும் அம்மாவும் செத்துப்போன பிறகு, அவளைக் கையில் பிடித்து நாடு தாண்டிக் கூட்டிவந்தவர் இவர்தான். கலியாணத்தில் அவள் பக்கம் நிற்க இங்கே வேறு ஒரு குஞ்சும் இல்லை. அவர் வராத கலியாணம் அவளுக்கு வேண்டாம். கரெத்தை விடவும் முடியாது. இந்த லட்சணத்தில் அவன் தினமும், "உன் அண்ணருக்குப் பிடித்ததா? 1851ஐயும் மாமி தேடுகிறாள்" என்று சிரித்துக்கொண்டு வந்து நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து அவளை விசராக்கினார்கள்.

அந்த வருடம், 1987 மே மாதத்தில், ஜேர்மன் அரசும் குடிசன மதிப்பு எடுத்தது. அரசாங்கம் ஏன் எங்களை எண்ண வேண்டும் என்று சனம் ஊர்வலம் போனது. மேல்மாடி மாணவர்கள் யன்னலில் எதிர்ப்புத் துணி கட்டினார்கள். அண்ணை மட்டும் சேர்ட் மினுக்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஊரில் கணக்கெடுக்க வீடு வீடாகப் போனவர் அல்லவா? படியெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டு கணக்கெடுக்க வந்த ஆசிரியைப் பெண்ணுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தார். அவள் ஜேர்மனில் கேட்கக் கேட்கச் சிவமலர் மொழிபெயர்த்தாள்.

"இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பவர் நீங்களா?"

அண்ணை பக்கத்து அறைக் கதவைக் காட்டினார். வீடு சிறீதரனுடைய பெயரில் இருந்தது. கச்சேரியில் அண்ணையின் மேசைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த அதே சிறீதரன். முதலில் வந்து வீடு எடுத்தவன், இரண்டு அறையை இவர்களுக்கு விட்டிருந்தான்.

"அப்படியென்றால் உன்டர்மீற்றர்" என்று அந்தப் பெண் எழுதினாள்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் ஆத்திரம் விடவில்லை.

"லொட்ஜராம் அண்ணை."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அடுத்தது தொழில். "தலைமை லிகிதர், யாழ்ப்பாணக் கச்சேரி எண்டு சொல்லு" என்றார். இப்போது செய்வதைத்தான் எழுதலாம் என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். உணவகத்தில் கோப்பை கழுவுகிறார் என்பதைச் சிவமலர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"முந்திச் செய்ததை எழுத இடமில்லையோ எண்டு கேள்."

அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இல்லை.

அந்தப் பெண் போன பிறகும் அண்ணை தன் கதிரையிலேயே இருந்தார். நல்லாய் வேணும் என்று நினைத்த சிவமலருக்கு, நினைத்த கையோடு நெஞ்சு வலித்தது. அவர் எழும்பிப் போய் வேல்ஸ் தாள்களை எடுத்து வந்தார். கடவுளே, இன்னுமா என்று பல்லைக் கடித்தாள்.

"உந்தப் பொடியன் எங்களைப் பற்றி என்ன விசாரிச்சவன்?"

"ஒண்டும் விசாரிக்கேல்லை." அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். "என்னைத் தெரியும், அது காணுமாம், வேறை ஒண்டும் தேவையில்லையாம்."

"காணாது." அவருடைய விரல் லொட்ஜர் வில்லியத்தின் மேல் நின்றது. "நூறு வருசத்தாலை உங்கடை பேரப்பிள்ளையள் போய்ப் படச்சுருளைச் சுத்திப் பாப்பினம். என்ரை பேருக்கு நேரை லொட்ஜர், கோப்பை கழுவினவன். அவ்வளவும்தான் கிடக்கும். நீ அவனைச் சாப்பிட வரச் சொல்லு. எங்களைப் பற்றி எல்லாத்தையும் கேக்கச் சொல்லு."

உங்கடை பேரப்பிள்ளையள் என்றது அவளுக்குக் கேட்டது. கேட்டும் நம்ப முடியாமல் அவருக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"அப்ப கலியாணத்துக்கு வருவியளோ?"

"வராமல்?" என்று எரிந்து விழுந்தார் தியாகராசா. கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. "நாங்கள் என்ன ஆக்கள் எண்டு அவைக்குப் பிறகு ஆர் சொல்லுறது?"