ஜெபத்தில் முடிந்த சந்திப்பு

கிறிஸ்தவ சபைகளின் சார்பில் மாநில செனட்டர்களைப் போய்ப் பார்த்துப் பேசுவது என் பிழைப்பு. எண்ணெய் கம்பெனிக்காரர்களுக்கும் மதுக் கம்பெனிக்காரர்களுக்கும் இந்த வேலைக்கு ஆட்கள் உண்டு. அவர்கள் உள்ளே போனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது வராது. வாய் திறந்தால் எங்களுக்கு முதலில் ஜெபம்தான் வரும்.

அன்று நான் அழைத்துப் போனது வெர்னெல் ப்ரூயிட் என்ற அம்மாளை. அவள் மகன் கெல்வின் மாநிலச் சிறையில் இருக்கிறான், ஆஸ்துமாக்காரன். அங்கே ஏசி கிடையாது. போன ஆகஸ்டில் அறைக்குள் சூடு நூற்றுப் பத்து டிகிரிக்கு ஏறியபோது, பக்கத்து அறைக்காரன் தரையில் தண்ணீரை ஊற்றி அதன்மேல் படுத்தபடியே செத்துப்போனான். கெல்வின் மயங்கி விழுந்து பிழைத்தான். சிறைகளுக்கு ஏசி வைக்கும் மசோதா ஒன்று செனட் குழுவில் கிடந்தது. அதைக் குழுவின் விசாரணைப் பட்டியலில் சேர்ப்பது குழுத் தலைவரான செனட்டர் ஹாலிஸ் ஸ்ட்ரிக்லாண்டின் இஷ்டம். அந்த வாரம் எடுக்காவிட்டால் அடுத்த கூட்டத்தொடர்வரை, அதாவது இரண்டு வருஷம், காத்துக் கிடக்க வேண்டும்.

ஸ்ட்ரிக்லாண்ட் அவர் ஊர் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. அதனால் வெர்னெலின் பாஸ்டர் டெல்ராய் ஸ்டாம்ப்ஸையும் கூட்டிப் போனோம். கதவுக்கு வெளியே அவரிடம் கெஞ்சினேன்.

"பாஸ்டர், குடுத்திருக்கிறது கால் மணி நேரம். முதல்ல வெர்னெல் பேசட்டும். ஜெபத்தைக் கடைசில வச்சுக்கலாம்."

"ஆண்டவரை வெளிய நிறுத்திட்டு நாம மட்டும் உள்ள போறதா, சிஸ்டர்?"

"அவரு ஏற்கெனவே உள்ளதான் இருப்பாரு. நமக்குத்தான் அப்பாயின்ட்மென்ட்."

வெர்னெல் சிரித்துவிட்டாள். பேச வேண்டியதைக் காரில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தவள். "அவன் மூச்சு இழுக்கிறதைச் செஞ்சு காட்டட்டுமா, சிஸ்டர்? அந்த ஐயா தப்பா நினைப்பாரோ?"

"செஞ்சு காட்டுங்க. அதுதான் அவர் கேக்கணும்."

ஸ்ட்ரிக்லாண்ட் எழுந்து வந்து கைகொடுத்தார். எல்லோரையும் உட்கார வைத்தார். "பாஸ்டர், ஒரு வார்த்தை ஜெபிச்சுட்டு ஆரம்பிக்கலாமா?" என்றார். அந்த மனுஷனுக்கு எங்களை நன்றாகத் தெரியும்.

கைகோத்துக்கொண்டோம். பாஸ்டர் கவர்னருக்காக ஜெபித்தார், எல்லையில் இருக்கும் படைவீரர்களுக்காக ஜெபித்தார், செனட்டர் மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்காகவும் ஜெபித்தார். நான் அவர் கையை அழுத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தினார். கடைசியாகத்தான் கெல்வினின் பெயர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, உருக்கமான ஜெபம். செனட்டரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "இந்தக் காரியத்தை உம்முடைய கரத்திலே முழுவதுமாய் ஒப்புக்கொடுக்கிறோம், உமது சித்தப்படியே ஆகட்டும்" என்று பாஸ்டர் முடித்தபோது நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம். கால் மணி நேரம் முடிந்திருந்தது; செனட்டரின் உதவியாளர் கதவைத் திறந்து, அடுத்தவர்கள் காத்திருப்பதாகச் சொன்னாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் வெர்னெல்.

அவர் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லவே வேணாம்மா. பாஸ்டர் எல்லாத்தையும் ஜெபத்துல சொல்லிட்டாரே."

"வியாழக்கிழமை விசாரணையில மசோதாவைச் சேர்ப்பீங்களா, செனட்டர்?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"கர்த்தர் கையில குடுத்தாச்சே, சிஸ்டர். அதைத் திரும்ப நான் புடுங்கிக்கிறதா? நீங்களும்தானே ஆமென் சொன்னீங்க."

சொல்லியிருந்தேன், சத்தமாகவே.

வெளியே வராந்தாவில் பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, எப்படி உடைஞ்சுட்டாரு? பரிசுத்த ஆவியானவர் அசைவாடின இடம் அது."

"அழுதாரு, பாஸ்டர். அவ்வளவுதான் நடந்துச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஜெபத்தை நம்புகிறவள்தான் நானும். ஆனால் ஒரு மனிதனை நேருக்கு நேர் பார்த்து, இதைச் செய்வாயா மாட்டாயா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாங்கள் கண்ணை மூடிக்கொள்கிறோம். அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். வெர்னெல் யாரையும் குறைசொல்லவில்லை. லிஃப்ட் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை மசோதா எடுக்கப்படவில்லை.

சனிக்கிழமை கெல்வின் சிறையிலிருந்து ஃபோன் பேசும் நாள். நானும் வெர்னெல் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா ஆச்சு? சொன்னியா?"

"பாத்தோம்பா. அந்த ஐயா உனக்காக அழுதாரு. எல்லாரும் கையப் புடிச்சுக்கிட்டு ஜெபிச்சோம்."

"அது சரிம்மா. நீ சொன்னியா?"

வெர்னெல் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவனே அடுத்ததைக் கேட்டான். "அவர் ரூம்ல ஏசி இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"நல்லா ஜில்லுனு இருந்துச்சா?"

"ஆமாப்பா."

"எப்படி இருந்துச்சுன்னு சொல்லும்மா" என்றான்.