பூவரசந் தண்டவாளம்

உலகம்மாள் வீட்டுப் புறவாசல் நீண்டுகொண்டே போனது. வீட்டின் முன்பக்கம் தெருவோடு தெருவாக இருந்த இடத்திலேயே இருந்தது. பின்பக்கம் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போகும். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். மற்றவர்கள் தோதான இடத்தில் ஒரு சுவரை எழுப்பி, அதற்கு அந்தப் பக்கம் நீளுவது நீளட்டும் என்று விட்டுவிட்டார்கள். உலகம்மாளால் அப்படி விட முடியவில்லை. புறவாசலின் கடைசியில் அவள் புருஷன் குத்தாலிங்கத்தின் கொட்டகை இருந்தது.

குத்தாலிங்கம் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். கல்யாணமான புதிதில், அடுக்களையில் இருந்து "சாப்பிட வாங்க" என்று குரல் கொடுத்தால் கொட்டகையில் கேட்கும். பிறகு கையைத் தட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தட்டினாலும் கேட்கவில்லை. சாப்பிட வந்துவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது இறங்கிவிடுகிறது, கட்டவேண்டிய மோட்டார் அப்படியே கிடக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் பாயையும் தலையணையையும் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. போகும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதிலிருந்து உலகம்மாள் சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முதலில் ரசம் ஆறிப்போனது. அடுத்த மழைக்குப் பிறகு மோர் புளித்துப்போனது. அதற்கடுத்த மழைக்குப் பிறகு, வெயிலுக்கு முன்னால் கிளம்பினால் வெயில் தாழத்தான் போய்ச் சேர்ந்தாள். கொட்டகையின் பின்கதவைத் திறந்தால் இப்போது மலையாளம் பேசுகிற ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள்தான் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டார்கள். குத்தாலிங்கமும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

"முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"இருக்கு" என்பாள்.

அவர் சாப்பிடும்வரை உட்கார்ந்திருந்து, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். அங்கேயே தங்கிவிடலாம்தான். ஆனால் வீட்டில் அந்தியில் விளக்கு ஏற்ற ஆள் வேண்டும். ஏற்றாமல் விட்டால் வீடு எந்தப் பக்கம் நீளும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் பாதி வழியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வாளியைத் திறந்து பார்த்தாள். சோறு நீர்விட்டிருந்தது. அதை அங்கேயே காக்காய்களுக்கு வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, சொரிமுத்து ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஆசாரி வந்து வாசலில் நின்று புறவாசலை ஒரு பார்வை பார்த்தார்.

"தண்டவாளம் போட்டு ஒரு வண்டி விடணும்" என்றாள் உலகம்மாள்.

"இரும்பு வேண்டாங்கக்கா. நிலம் நீண்டா இரும்பு விட்டுப்போகும். பச்சை மரமா போட்டுருவோம். அது கூடவே நீளும்."

பூவரசைச் சொன்னார். எங்கே ஊன்றினாலும் பிடித்துக்கொள்கிற மரம். அவரும் உலகம்மாளுமாகப் போட்டார்கள். அவர் கம்புகளைச் செதுக்கிக் கொடுக்க, அவள் மண்ணைக் கொத்தி, கட்டைகளைக் குறுக்கே போட்டு, தண்டவாளத்தைக் கிடத்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றினாள். முட்டி போட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. முதலில் வீட்டுக்கு வந்து படுத்தாள். தூரம் கூடக்கூட, போட்ட தண்டவாளத்தின் மேலேயே படுத்து எழுந்தார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் வந்தபோது குத்தாலிங்கமும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். வண்டி என்பது கால் வெட்டின பழைய கட்டில்தான். அடியில் வாகைமரச் சக்கரம்.

வண்டியை இழுக்க எதுவும் தேவைப்படவில்லை. காலையில் புறவாசல் மேற்கே சரியும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கே சரியும். உலகம்மாள் சோற்றுவாளியைக் கட்டிலில் வைத்துக் கையை எடுத்தால் போதும், அது தானே போய்விடும். அந்திக்குள் காலி வாளி திரும்பி வரும். ரசம் சூடாக இருந்தது என்று, தண்டவாளத்தைப் பார்க்க வந்துபோகிற ஆசாரியிடம் குத்தாலிங்கம் சொல்லியனுப்பினார். அன்றைக்கு உலகம்மாள் பகலில் படுத்துத் தூங்கினாள். விழித்ததும் கால் வலிக்கவில்லை. அதனால் கொஞ்சம் அழுகையும் வந்தது. ஏன் என்று யோசிக்கச் சோம்பலாக இருந்தது. விளக்கை ஏற்றப் போனாள்.

இப்படி ஒரு கோடை முழுக்க நன்றாகத்தான் ஓடியது.

மழை வந்ததும் தண்டவாளம் துளிர்த்தது. பிறகு மஞ்சளாகப் பூத்தது. வண்டி போகும்போது சோற்றில் பூ விழுகிறது என்று குத்தாலிங்கம் சொல்லியனுப்பினார். அவள் வாளிக்கு இறுக்கமான மூடி வாங்கினாள். பிறகு தெருவில் இருந்த ஆடுகள் எப்படியோ உள்ளே வந்து தண்டவாளத்தை மேய்ந்தன. அதுவும் நல்லதுதான், இலையைக் கழிக்க ஆள் வைக்க வேண்டாம் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஆனால் வேர் நன்றாகப் பிடித்துவிட்டபடியால் மரம் நிலத்தைவிட வேகமாக வளர்ந்தது. முன்பெல்லாம் புறவாசல் நீண்டது, மரம் கூடவே போனது. இப்போது மரம் நீண்டது, புறவாசலை அது இழுத்துக்கொண்டு போனது. மழை இல்லாத நாளிலும் கொட்டகை நகர்ந்தது. ரசம் மறுபடி ஆறிப்போனது. மோர் மறுபடி புளித்தது. காலி வாளி அன்றைக்கே வருவது நின்று மறுநாள் வந்தது.

ஆசாரி வந்து பார்த்தார். தண்டவாளத்தைக் கையால் தடவினார்.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

"நல்லா வந்து என்ன செய்யுததுக்கு? நாம கிட்ட வாறதுக்குத்தான போட்டோம்?"

"அறுத்து விட்டுருங்கக்கா. நடுவுல ஒரு வெட்டு. இழுக்கது நின்னுரும்."

"நின்னா?"

"அந்தத் துண்டு அந்தப் பக்கம், இந்தத் துண்டு இந்தப் பக்கம்."

ரம்பத்தை வைத்துவிட்டுப் போனார். உலகம்மாள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரம்பத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். பச்சைமரத்தின் ஈரம் கையில் பட்டது. அந்தக் கம்பின் அடுத்த முனை எங்கோ ஒரு கொட்டகை வாசலில் கிடக்கிறது, அவர் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அவ்வளவு தூரத்துக்கு இடையில், அறுபடாமல் ஒன்றாக இருந்தது அது மட்டும்தான். அறுத்த இடத்தில் களிமண்ணை அப்பித் துணி சுற்றிவிட்டு, ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அலுத்துவிட்டது. சமைக்க அலுப்பாக இருந்தது, வாளியை மூட அலுப்பாக இருந்தது. இன்றைக்கு வைக்கிற சோற்றை அவர் என்றைக்கு உண்பார் என்று கணக்குப் போட்டுச் சமைக்க வேண்டியிருந்தது. கெடாமல் இருக்கட்டும் என்று புளிச்சோறாகவே கட்டினாள். அவருக்குப் புளிச்சோறு ஆகாது. அவர் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்னால் இனிமேல் முடியாது என்று அவரிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். விளக்கில் எண்ணெயை முட்ட ஊற்றிவிட்டு, வாளிக்குப் பக்கத்தில் தானும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கையை எடுத்தாள்.

வண்டி போனது. வீடு சிறுத்து, பிறகு காணாமல் போனது. பூவரச நிழல் மேலே வருவதும் போவதுமாக இருந்தது. கண் செருகியது. விழித்தபோது வண்டி நின்றிருந்தது. கீழே இறங்கி நிலத்தைப் பார்த்தாள். அது எந்தப் பக்கமும் சரியவில்லை. இவ்வளவு நீளத்தையும் தினமும் தூக்கி இறக்கி அதற்கும் அலுத்துவிட்டிருந்தது. அப்படியே மட்டமாகக் கிடந்தது. உலகம்மாள் அதைக் குறை சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிப் பார்க்கவும் இல்லை. திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது மேற்கே ஒரு ஆள் வருவது தெரிந்தது. தண்டவாளத்துக்கு நடுவில், கட்டைக்குக் கட்டை கால் வைத்து, தோளில் துண்டோடு வந்தார். குத்தாலிங்கம்தான். மெலிந்திருந்தார். வந்ததும் கட்டிலின் அடுத்த முனையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். காலில் கொப்புளம் இருந்தது.

"எப்பக் கிளம்புனீங்க?"

"நேத்து."

"சோறு வரலைன்னா?"

"இல்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு."

"நானும் ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்."

"நீ சொல்லு முதல்ல."

உலகம்மாள் அவர் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்யாத தாடி பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. இதையெல்லாம் சொல்லி ஆசாரி ஒருநாளும் செய்தி கொண்டுவந்ததில்லை.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"எனக்கும் ஒண்ணுமில்ல, உலகு."

அவள் வாளியைத் திறந்தாள். தட்டு எடுத்துவரவில்லை. மூடியில் சோற்றை வைத்துக் கொடுத்தாள். வாளியில் இருந்த மிச்சத்தை அவள் சாப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து உண்டு பல மழைக்காலம் ஆகியிருந்தது.

"புளிச்சோறு" என்றார்.

"ஆமா."

"உப்பு சரியா இருக்கு."

இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார். அந்த இடத்திலிருந்து வீடும் தெரியவில்லை, கொட்டகையும் தெரியவில்லை. இரண்டு பேரும் கிழக்கே பார்த்தார்கள், மேற்கே பார்த்தார்கள். எந்தப் பக்கம் நடப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் துண்டை உதறி விரித்தார். கட்டில் சின்னதுதான். இருட்டுவதற்குள் படுத்துவிட்டார்கள்.

காலையில் உலகம்மாள் கண் விழித்தபோது வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிணறு வந்து நின்றிருந்தது. கயிறும் வாளியும் உருளையுமாக, எங்கோ தூரத்தில் இருந்து வந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் ஆறட்டும் என்று அவள் அதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கிணற்று வாளியை உள்ளே இறக்கினாள்.