சுருமா இட்ட கண்கள்

கொழும்பிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு ரயிலில் வந்திறங்கிய மரப்பெட்டியை முக்தார் காலையில்தான் உடைத்தார். வைக்கோலுக்குள்ளிருந்து முழ உயரத்தில் ஒரு புத்தர் சிலை வந்தது. வெள்ளைச் சுண்ணம். முகம் குறையில்லாமல் இருந்தது. கண்கள் மட்டும் வெறும் மேடு.

அது அப்படித்தான் வரவேண்டும். நல்ல நேரம் பார்த்து, சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் பார்த்தபடி சித்திரக்காரன் கண் எழுதுவான். அதன் பிறகுதான் அது புத்தர். அதுவரை சுண்ணாம்பு. சுண்ணாம்புதானே என்ற தைரியத்தில்தான் முக்தாரும் அதை வரவழைத்திருந்தார்.

ஊர்த் தலைவர் ஆராச்சியின் தாய் லொக்கு மெனிக்கே படுத்த படுக்கையாகிவிட்டாள். புத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்மூட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். சிங்களவர் முஸ்லிம் கடைகளை எரித்த கலவரத்தன்று முக்தாரின் மனைவி நூரியாவையும் கைக்குழந்தையையும் தன் வீட்டு நெல் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் குந்திக்கொண்டு வந்தவர்களையெல்லாம் ஏசி விரட்டியவள் அவள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு முக்தார் கடைக்குள் நுழைந்தபோது சிலை அவரைப் பார்த்தது.

"என்னடி இது?"

"சுருமாதான்." நூரியாவின் முகம் சிரித்தது. "மாமா ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டந்தது. கொழும்பான் ஒங்கள நல்லா ஏமாத்தீட்டான். குருட்டுச் சாமியையா அந்த மனுசிக்குக் குடுக்கிறது?"

அவளைத் திட்ட முக்தாருக்கு வாய் வரவில்லை. பிள்ளையின் கண்ணுக்கு மை தீட்டுவது போல அவ்வளவு பதமாகத் தீட்டியிருந்தாள்.

அரிசி வாங்க வந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வெள்ளையம்மா, "நம்ம மாரியாத்தா கண்ணாட்டமே இருக்குங்க மொதலாளி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

பின்னேரம் ஆராச்சி வந்தார். குடையை மடக்கி நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கைகள் தாமாகக் குவிந்தன. குவிந்தது சரியா என்று தெரியாதது போல மெல்லப் பிரிந்தன.

"ஆர் எழுதினது, முதலாளி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வீட்டுக்காரி. தெரியாம செஞ்சிட்டா. எண்ணெய் தொட்டுத் தொடச்சாப் போயிரும், மாத்தயா. நானே..."

"கண்ணைப் புடுங்கவா?"

முக்தாரின் கையிலிருந்த துணி அந்தரத்தில் நின்றது.

"தொடைக்கவும் ஏலாது. தொறந்த கண்ணுக்கு மேல சித்திரக்காரன் கை வைக்கமாட்டான். இப்பிடியே கொண்டு போனா ஊர் சும்மா இருக்காது." ஆராச்சி குரலைத் தாழ்த்தினார். "உங்கட கடை ஒருதரம் எரிஞ்சது போதும்."

"வேற ஒண்டு எடுப்பிக்கிறன்."

"எப்ப வரும்?"

"ரெண்டு கெழம."

"அவ்வளவு நாள் அம்மா தாங்கமாட்டா," என்றார் ஆராச்சி. மழை பிடித்தது. தகரத்தின் மேல் அது கொட்டி ஓய்ந்து மறுபடி கொட்டும்வரை இருவரும் சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நூரியா அழுவது கேட்டது.

"அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறா," என்றார் ஆராச்சி கடைசியில். "வாங்க."

ஆராச்சி வீட்டில், கட்டிலின் தலைமாட்டில் பலகை அடித்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அரளிப் பூக்கள் முன்கூட்டியே வந்துவிட்டன. லொக்கு மெனிக்கே முக்தாரின் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பினாள்.

"வந்துட்டாரா, மகனே?"

முக்தார் ஆராச்சியைப் பார்த்தார். ஆராச்சி தரையைப் பார்த்தார்.

"வந்துக்கிட்டு இருக்கிறார், அம்மே," என்றார் முக்தார்.

"அப்படின்னா என்னை வாசல் பக்கம் திருப்பிப் போடுங்கோ."

ஆராச்சி தோளைப் பிடித்தார். முக்தார் காலைப் பிடித்தார். இருவருமாக அவளை வாசலைப் பார்க்கத் திருப்பிக் கிடத்தினார்கள்.